பிளேட்லெட் ஏறினால் போதுமா?

ரத்தம் சம்பந்தமாக வந்த கடிதங்களை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். பதில் சொல்பவர், சென்னையில் ஓர் அரசு மருத்துவமனையின் ஆய்வகத்திலும் பிறகு ரத்த வங்கியிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போது பெரம்பூரில் வசிக்கிறார்.

கேள்வி: என் மகளுக்குப் பதினான்கு வயது. போன மாதம் டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பிளேட்லெட் 38,000க்கு இறங்கிவிட்டது. உறவுக்காரர்கள் எல்லாம் ரத்தம் கொடுக்கத் தயாராக வந்து நின்றார்கள். டாக்டரோ ஏற்ற வேண்டாம் என்று சொல்லி, சலைன் மட்டும் போட்டு, ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை ரத்தம் எடுத்துக்கொண்டே இருந்தார். பிள்ளை பிழைத்து வந்துவிட்டாள். ஆனாலும் அவர் செய்தது சரிதானா என்று மனசு உறுத்துகிறது. பப்பாளி இலைச் சாறு கொடுத்தால் பிளேட்லெட் ஏறும் என்கிறார்களே, அது உண்மையா?
– வேளச்சேரி வாசகி

பதில்: சரிதான் அம்மா, உறுத்தலை விடுங்கள். ரத்தக்கசிவு இல்லாத டெங்கு நோயாளிக்கு எண்ணிக்கை 10,000க்குக் கீழே போனால்தான் பிளேட்லெட் ஏற்றுவதைப் பற்றியே யோசிப்பார்கள். கசிவு இருந்தால் கணக்கு வேறு. உங்கள் டாக்டர் அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்த்தது பிளேட்லெட்டுக்காக மட்டும் இருக்காது. அதே ரிப்போர்ட்டில் பி.சி.வி. என்று ஒரு வரி இருந்திருக்கும், எடுத்துப் பாருங்கள். அவர் கண் அதன்மேல்தான் இருந்திருக்கும்.

ஐப்பசி, கார்த்திகையில் மழை விட்டு விட்டுப் பெய்ய ஆரம்பித்ததும் எங்கள் ரத்த வங்கி ஜன்னலில் கூட்டம் நெரியும். கையில் சீட்டு, வாயில் ஓர் எண். "மேடம், நாற்பதாயிரம்தான் இருக்கு." "மேடம், காலையில அறுபது, இப்ப முப்பத்தஞ்சு." பி.சி.வி. எவ்வளவு என்று யாராவது சொல்லி நான் கேட்டதில்லை.

விஷயம் இதுதான். நம் ரத்தத்தில் ஏறக்குறைய 55 சதவீதம் பிளாஸ்மா என்கிற மஞ்சள் திரவம். மீதி அணுக்கள், அதில் முக்கால்வாசிக்கும் மேல், கிட்டத்தட்ட எல்லாமே, சிவப்பணுக்கள். பிளாஸ்மாவில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு தண்ணீர். அந்தத் தண்ணீர் குழாயை விட்டு வெளியே ஓடாமல் உள்ளேயே நிற்பதற்கு ஆல்புமின் என்கிற புரதம் பெரிய காரணம். டெங்குவில் நுண்ணிய ரத்தக்குழாய்களின் சுவர் தளர்ந்துபோய், ஆல்புமினும் தண்ணீருமாகச் சேர்ந்து வெளியே கசிகிறது. வயிற்றுக்குள்ளும் நுரையீரலைச் சுற்றியும் போய்த் தேங்குகிறது. அணுக்கள் பெரியவை, அவை வெளியேறுவதில்லை. ஆகவே குழாய்க்குள் ரத்தம் கெட்டியாகிக்கொண்டே போகிறது. நூறு பங்கு ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை பங்கு என்று சொல்வதுதான் பி.சி.வி. முதலில் 36 இருந்த பிள்ளைக்கு அது 43, 44 என்று ஏறினால் பிளாஸ்மா கசிகிறது, சலைனின் அளவைக் கூட்ட வேண்டும் என்று அர்த்தம். கவனிக்காமல் விட்டால் ரத்த அழுத்தம் விழுந்து, உறுப்புகளுக்கு ரத்தம் போதாமல் ஷாக்கில் போய் முடியும். டெங்குவில் பெரும்பாலான சாவுகள் இப்படித்தான் வருகின்றன.

இதில் இன்னொரு ஏமாற்று வேலையும் உண்டு. கசிவு பெரும்பாலும் தொடங்குவது காய்ச்சல் விடுகிற நேரத்தில், அதாவது மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள். "காய்ச்சல் விட்டிருச்சு, நாளைக்கு ஸ்கூலுக்குப் போகலாம்" என்று வீட்டில் நிம்மதியாகும் அதே நேரம். வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், துவண்டு படுத்துவிடுவது, சிறுநீர் குறைவது – இதில் ஒன்று தென்பட்டாலும் உடனே ஓட வேண்டும், பிளேட்லெட் லட்சத்துக்கு மேல் இருந்தாலும்கூட.

பப்பாளி இலைச் சாறு பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். எண்ணிக்கை சற்று சீக்கிரம் ஏறுகிறது என்று சொல்லும் சிறிய ஆய்வுகள் உண்டு. பிளாஸ்மா கசிவை அது நிறுத்தும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஏற்கெனவே வாந்தி எடுக்கிற பிள்ளையின் வாயில் அந்தக் கசப்பை ஊற்றி மேலும் வாந்தி எடுக்க வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. நோய் தணியும்போது பிளேட்லெட் தானாகவே ஏறும். அந்த நேரத்தில் குடித்த சாற்றுக்குப் பேர் கிடைத்துவிடுகிறது. ஆஸ்பிரின், புரூஃபன் வகை மாத்திரைகளை மட்டும் கிட்டேயே சேர்க்காதீர்கள். காய்ச்சலுக்கு பாராசிட்டமால் போதும்.

ஒரு நிமிஷம், எண்ணிக்கை பற்றியே ஒன்று சொல்ல வேண்டும். சிலருடைய ரத்தத்தில், ரத்தம் எடுக்கும் குழாயில் உறையாமல் இருக்கப் போட்டிருக்கும் மருந்து பட்டவுடன் பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இயந்திரம் அந்தக் கொத்தைப் பிளேட்லெட்டாகவே எண்ணாது. ஆள் நன்றாகச் சாப்பிட்டு, சிரித்துப் பேசிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ரிப்போர்ட் 40,000 என்று சொல்லும். அப்போது ஒரு துளியை ஸ்லைடில் இழுத்து, லீஷ்மன் சாயம் ஊற்றி, மைக்ராஸ்கோப்பில் வைப்போம். ஸ்லைடின் வால் பக்கம் நகர்த்திப் பார்த்தால் ஊதா நிறத்தில் திட்டுத் திட்டாகக் கொத்துகள் இருக்கும். வேறு மருந்து போட்ட குழாயில் திரும்ப எடுத்தால் இரண்டு லட்சம் காட்டும். ஆகவே உடம்புக்கும் எண்ணுக்கும் பொருந்தவில்லை என்றால், "ஸ்லைடு பார்த்தீங்களா?" என்று ஆய்வகத்தில் தாராளமாகக் கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்கிற ஆய்வகத்துக்கு மறுபடி போகாதீர்கள்.

கேள்வி: ரத்தம் எடுக்கும்போது ஊதா, நீலம், சாம்பல், மஞ்சள் என்று இத்தனை மூடிகள் எதற்கு? ஒரே குழாயில் எடுத்துப் பிரித்துக்கொள்ளக் கூடாதா?
– கொளத்தூர் வாசகர்

பதில்: கூடாது. ரத்தம் வெளியே வந்ததும் அதன் வேலையை ஆரம்பித்துவிடும். பிளாஸ்மாவில் கரைந்திருக்கும் ஃபைப்ரினோஜன் இழை இழையாக மாறி வலை பின்னும். அணுக்கள் அதில் சிக்கிக் கட்டியாகும். கட்டியானால் அணுக்களை எண்ண முடியாது. அதனால் ஊதா மூடிக்குள் ஈ.டி.டி.ஏ. இருக்கும். உறைவதற்குக் கால்சியம் வேண்டும். இந்த மருந்து கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். நீல மூடியில் சோடியம் சிட்ரேட், அது உறையும் நேரம் பார்ப்பதற்கு. சாம்பல் மூடியில் ஃபுளோரைடு, சர்க்கரைக்கு. அணுக்கள் குழாய்க்குள்ளும் உயிரோடுதான் இருக்கின்றன, சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். ஃபுளோரைடு அதைத் தடுக்கும். மஞ்சள் மூடியில் வேண்டுமென்றே உறைய விடுவோம். மேலே தெளிந்து நிற்பது சீரம்.

ஊதா குழாயை எடுத்ததும் அப்படியே தட்டில் போடாமல் மெதுவாக எட்டுப் பத்து தடவை கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். குலுக்கவும் கூடாது, அணுக்கள் உடைந்துவிடும். அடுத்த தடவை கவனித்துப் பாருங்கள், யார் வேலை தெரிந்தவர் என்று அதிலேயே தெரிந்துவிடும்.

கேள்வி: எனக்கு ஹீமோகுளோபின் 8.9. வயது 36. ஆறு மாதமாக பீட்ரூட், மாதுளை, பேரீச்சம்பழம் என்று சாப்பிடுகிறேன். இரும்புச்சத்து மாத்திரையும் காலை டிபனோடு எடுக்கிறேன். ஏறியது 0.3தான்.
– அம்பத்தூர் வாசகி

பதில்: டிபனோடு எடுக்கிறேன் என்றீர்கள். டிபன் முடித்ததும் காபியா? அம்பத்தூரில் காபி இல்லாமல் டிபன் முடியுமா என்ன! காபியும் டீயும் இரும்பைக் குடலுக்குள் போகவிடாமல் பிடித்துக்கொள்ளும். மாத்திரையை வெறும் வயிற்றில், எலுமிச்சைச் சாறோடு போடுங்கள். வயிறு புரட்டினால் சாப்பாட்டுக்குப் பிறகு போடலாம். ஆனால் காபிக்கும் அதற்கும் நடுவில் குறைந்தது ஒன்றரை மணி நேரமாவது இருக்கட்டும். கால்சியம் மாத்திரையையும் சேர்த்துப் போடாதீர்கள். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம்.

பீட்ரூட் சிவப்பாக இருப்பது அதன் சொந்த நிறமி. இரும்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பேரீச்சம்பழம் நூறு கிராமில் சுமார் ஒரு மில்லிகிராம்தான் இரும்பு. நல்ல பழம்தான், இந்த வேலைக்கு ஆகாது. உங்கள் வீட்டில் அசைவம் உண்டென்றால் கறிக்கடையில் சுவரொட்டி கேளுங்கள். ஆட்டின் மண்ணீரல். சிவப்பணு சுமார் 120 நாள் ஓடும். பிறகு அதை உடைத்து இரும்பைப் பிரித்து வைக்கிற முக்கியமான இடம் மண்ணீரல்தான். ஈரலைவிட அதில் இரும்பு அதிகம், அதுவும் உடம்பு சுலபமாக ஏற்கிற வகை. "வெளுத்துப் போயிருக்கா, சுவரொட்டி வாங்கிக் கொடு" என்று பாட்டிமார்கள் சொன்னது ரொம்பச் சரி. சைவம் என்றால் கீரை, கொள்ளு, பயறு; கூடவே நெல்லிக்காயோ எலுமிச்சையோ கட்டாயம். ஆனால் 8.9ஐ உணவு மட்டும் கொண்டு தூக்க முடியாது, மாத்திரை வேண்டும். ஹீமோகுளோபின் 12ஐத் தாண்டிய பிறகும் இரண்டு மூன்று மாதம் தொடர வேண்டும், இருப்பு நிரம்புவதற்காக. மாத்திரை வாங்கக் காசு செலவழிக்க வேண்டாம், மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே தருவார்கள்.

இதைவிட முக்கியமான கேள்வி, ரத்தம் எங்கே போகிறது? உடம்பு ஒரு நாளைக்கு உணவிலிருந்து எடுத்துக்கொள்ளும் இரும்பே ஒன்றிரண்டு மில்லிகிராம்தான். இரண்டு மில்லி ரத்தம் போனால் ஒரு மில்லிகிராம் இரும்பு போயிற்று. மாதவிடாய் அதிகம் போகிறதா, மூலம் இருக்கிறதா, குடலில் புழுவா, புண்ணா – இதைப் பார்க்காமல் மாத்திரையை மட்டும் விழுங்குவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது. ரிப்போர்ட்டில் எம்.சி.வி. என்று இருக்கும், சிவப்பணுவின் அளவு. இரும்பு போதாமல் போனால் அணுக்கள் சிறுத்து, நடுவில் வெளிறிப்போய் இருக்கும். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டும் ஏறவில்லை, எம்.சி.வி. மட்டும் மிகக் குறைவாகவே நிற்கிறது என்றால் தலசீமியா என்கிற பரம்பரை ரத்தக் கோளாறின் மரபணு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அவர்களுக்கு இரும்பு கொடுத்துப் பலனில்லை.

கேள்வி: ரத்தம் சிவப்பு என்றால் கையில் நரம்பு ஏன் பச்சையாக, நீலமாகத் தெரிகிறது? கெட்ட ரத்தம் நீலமா?
– புரசைவாக்கம், ஒன்பதாம் வகுப்பு மாணவி

பதில்: எந்த ரத்தமும் நீலமில்லை கண்ணு. ஹீமோகுளோபின் ஆக்சிஜனைச் சுமந்து போகும்போது பளிச்சென்ற சிவப்பு; கொடுத்துவிட்டுத் திரும்பும்போது கருஞ்சிவப்பு. நான் ஊசியில் எடுக்கும்போதெல்லாம் கருஞ்சிவப்பாகத்தான் வரும், ஏனென்றால் எடுப்பது திரும்பிப் போகும் ரத்தம் ஓடுகிற சிரையிலிருந்து. தோலுக்குள் ஒளி போய்த் திரும்புகிற விதத்தால்தான் வெளியிலிருந்து நீலமாகத் தெரிகிறது. திரும்பி வருவது கெட்ட ரத்தமும் இல்லை. நுரையீரலுக்குப் போனால் மறுபடி பளிச்சென்று ஆகிவிடும். பாடப் புத்தகப் படத்தில் நீல வண்ணம் அடிப்பது நீ குழம்பாமல் இருக்கத்தான், இப்போது குழப்பியதே அதுதான்!

கேள்வி: எனக்கு எச்பிஏ1சி எப்போதும் 8க்கு மேல். போன மாதம் மூலத்தில் ரத்தப்போக்கு அதிகமாகி இரண்டு யூனிட் ஏற்றினார்கள். இப்போது பார்த்தால் 6.1. சர்க்கரை குணமாகிவிட்டதா?
– வில்லிவாக்கம், ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர்

பதில்: ஐயா, அந்த 6.1 முழுக்க உங்களுடையது இல்லை. ரத்தத்தில் சர்க்கரை கூடும்போது அது ஹீமோகுளோபினில் போய் ஒட்டிக்கொள்கிறது. சிவப்பணு சாகிறவரை அந்த ஒட்டல் போகாது. 120 நாள் வாழ்கிற அணு என்பதால்தான் இந்தச் சோதனையை "மூணு மாச சுகர்" என்கிறோம். உங்களுக்கு ஏற்றியது வேறு யாரோ கொடுத்த சிவப்பணுக்கள்; அவருக்குச் சர்க்கரை இல்லாமல் இருந்திருக்கும். போதாததற்கு, ரத்தம் இழந்ததால் எலும்பு மஜ்ஜை புதிய அணுக்களை வேகமாக இறக்கிவிட்டிருக்கும். அவற்றில் சர்க்கரை ஒட்ட இன்னும் நேரமே கிடைத்திருக்காது. மூன்று நான்கு மாதம் கழித்துத் திரும்பப் பாருங்கள். அதுவரை வெறும் வயிற்றிலும் சாப்பிட்ட பின்னும் பார்க்கிற சர்க்கரைதான் கணக்கு. மாத்திரையை நிறுத்தியிருந்தால் இன்றே டாக்டரிடம் போங்கள்.

கேள்வி: ஈசினோபில் 11 சதவீதம் என்று வந்திருக்கிறது. புற்றுநோயாக இருக்குமா? தூக்கமே வரவில்லை.
– மாதவரம் வாசகர்

பதில்: தூங்குங்கள். வெள்ளையணுக்கள் ஐந்து வகை. கிருமி வந்தால் முதலில் ஓடிவருவது நியூட்ரோபில், கூட்டத்தில் பாதிக்கு மேல் அவைதான். முன்பு வந்த கிருமியை நினைவு வைத்து எதிர்ப்புரதம் செய்வது லிம்போசைட். மோனோசைட் குப்பையை விழுங்கும். ஈசினோபிலின் வேலை ஒவ்வாமையும் புழுவும். ஸ்லைடில் அது எங்களுக்கெல்லாம் பிடித்த அணு: ஆரஞ்சு நிற மணிகள் நிறைய, நடுவில் இரண்டு மடலாகக் கரு. மாதவரத்தில் லாரிப் புழுதிக்குப் பஞ்சமில்லை. தும்மல், இளைப்பு, தோல் அரிப்பு இருந்தால் 11 வரலாம். மலப் பரிசோதனை ஒன்று செய்துகொள்ளுங்கள். வெறும் சதவீதத்தைப் பார்க்காமல் ஈசினோபிலின் மொத்த எண்ணிக்கையைக் கேளுங்கள். ஒரு மைக்ரோலிட்டரில் 500க்கு மேல் என்றால்தான் அதிகம்.

யானைக்கால் புழுவும் ஈசினோபிலை ஏற்றும். அதன் குஞ்சுகள் பகலில் நுரையீரலில் பதுங்கிவிட்டு, ராத்திரிதான் தோலோர ரத்தத்துக்கு வரும், அதைப் பரப்பும் கொசு கடிக்கிற நேரம் பார்த்து. அதனால் அந்தக் காலத்தில் இரவு பத்து மணிக்கு மேல் பெட்ரோமாக்ஸ் விளக்கோடு குடிசைப் பகுதிகளுக்குப் போய், தூங்குகிறவர்களை எழுப்பி விரல் நுனியில் குத்துவார்கள். வாங்கிய திட்டு கொஞ்சமில்லை.

கேள்வி: ரத்தத்தைச் சுத்தப்படுத்தும் டானிக் எது நல்லது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: உங்கள் சிறுநீரகம் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் வடிகட்டி, ஒன்றரை லிட்டரை மட்டும் வெளியே அனுப்புகிறது. அதற்குத் தண்ணீர் குடியுங்கள். டானிக் காசை மிச்சம் பிடியுங்கள்.

கேள்வி: நான் ஓ நெகட்டிவ். யாருக்கும் கொடுக்கலாம் என்கிறார்கள். பிளாஸ்மாவையும் யாருக்கும் கொடுக்கலாமா?
– கிண்டி, கல்லூரி மாணவர்

பதில்: நல்ல கேள்வி தம்பி. பதில் தலைகீழ். 1901இல் லேண்ட்ஸ்டைனர் கண்டுபிடித்தபடி, ஏ, பி என்கிற அடையாளங்கள் சிவப்பணுவின் மேல் இருக்கின்றன. உன் அணுவில் இரண்டும் இல்லை, அதனால் மற்றவர் உடம்பு அதை எதிர்க்காது. ஆனால் உன் பிளாஸ்மாவில் ஏ, பி இரண்டுக்கும் எதிர்ப்புரதம் நீந்துகிறது. அது ஓ குரூப் ஆளுக்குத்தான் ஆகும். பிளாஸ்மாவில் எல்லோருக்கும் கொடுக்கக்கூடியவர் ஏபி குரூப்காரர்.

ஓ என்று எழுதப்பட்ட எல்லோரும் ஓ இல்லை என்பதையும் தெரிந்துகொள். 1952இல் பம்பாயில் பெண்டே என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் கண்டறிந்த பாம்பே குரூப் அணுவில் ஏ, பியோடு, அவற்றுக்கு அடித்தளமான எச் என்கிற அடையாளமும் இருக்காது. சாதாரணச் சோதனையில் ஓ என்றே காட்டும். அவருக்கு ஓ ரத்தத்தை ஏற்றினாலும் உயிருக்கே ஆபத்து. அவருடைய சீரத்தை ஓ அணுக்களோடு கலந்து பார்க்கும்போதுதான் குட்டு உடையும். கண்ணெதிரே மணல் மணலாகத் திரளும். இந்தியாவில் ஏறக்குறைய பத்தாயிரம் பேரில் ஒருவருக்கு இருக்கிறது. "குரூப் தெரியும், சீக்கிரம் கொடுங்க" என்று அவசரப்படுத்தினாலும் கொடுத்தவர் ரத்தத்தையும் வாங்குபவர் ரத்தத்தையும் கலந்து பொருத்தம் பார்க்கிற கிராஸ்மேட்ச் முடியாமல் பையைக் கொடுக்க மாட்டோம் என்று நாங்கள் அடம்பிடிப்பது இதற்காகவும்தான்.

கேள்வி: ரத்தம் கொடுத்தால் திரும்ப ஊற எத்தனை நாள்? கொடுத்த ரத்தம் என்ன ஆகிறது?
– அதே கிண்டி மாணவரின் நண்பர்

பதில்: எடுப்பது 350 மில்லி, எடை 55 கிலோவுக்கு மேல் இருந்தால் 450. உடம்பில் இருப்பது ஐந்து லிட்டர் அளவுக்கு. பிளாஸ்மா ஓரிரு நாளில் நிரம்பிவிடும். சிவப்பணு நிரம்ப நான்கிலிருந்து ஆறு வாரம். இரும்பு இருப்பு அதைவிட நிதானமாக ஏறும். அதனால்தான் ஆண்களுக்கு மூன்று மாதம், பெண்களுக்கு நான்கு மாதம் இடைவெளி.

பையைச் சுழல் இயந்திரத்தில் போட்டு மூன்றாகப் பிரிப்போம். சிவப்பணு பையில் சேர்க்கும் திரவத்தைப் பொறுத்து 2 முதல் 6 டிகிரியில் 35 நாளோ 42 நாளோ தாங்கும். பிளாஸ்மாவை உறையவைத்தால் ஒரு வருஷம். பிளேட்லெட்தான் படுத்தும்: ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது, 22 டிகிரி சுமாரில் ஆட்டிக்கொண்டே இருக்கும் தட்டில் வைக்க வேண்டும், அப்படியும் ஐந்து நாள்தான். வெளியே அனுப்பும் முன் பிளேட்லெட் பையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து மெல்லத் திருப்புவோம். உள்ளே பளபளவென்று சுழல் ஓடினால் அணுக்கள் உயிரோடு இருக்கின்றன. ஓடாமல் மந்தமாகக் கிடந்தால் ஒதுக்கிவிடுவோம்.

இந்த ஐந்து நாள் கணக்கால், தீபாவளி, பொங்கல் விடுமுறையில் பிளேட்லெட்டுக்குத் தட்டுப்பாடு வரும். முகாம் நடக்காது, கல்லூரி பூட்டியிருக்கும், ஆனால் பிளேட்லெட் தேவைப்படுகிற, புற்றுநோய்க்குக் கீமோ எடுக்கிற பிள்ளைகளுக்கு விடுமுறை கிடையாது. நீங்கள் இரண்டு பேரும் 18 முடிந்து, ஹீமோகுளோபின் 12.5க்கு மேல் இருந்தால், பிறந்தநாளுக்குக் கொடுப்பதைவிடப் பண்டிகைக்கு மறுநாள் வந்து கொடுங்கள். காலையில் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.